உடன் வருபவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடுகபட்டியில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். கணவர் என்னிடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். மனைவி, என் மனைவியிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்தவள். இன்றைக்கும் 'டீச்சர்' என்றுதான் அழைக்கிறாள். கணவருக்கு மாலத்தீவில், பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேடவேண்டிய ஒரு சிறு தீவின் பள்ளியில், ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆணையைக் கொண்டுவந்து காட்டினார். சம்பளம், வீட்டு வாடகைப்படி, ஆண்டுக்கொருமுறை விமானச் சீட்டு எல்லாம் பத்தி பிரித்து எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'உடன் வருபவர்' என்றொரு கட்டம். அதில் அந்தப் பெண்ணின் பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டு எண்ணும் மட்டும் இருந்தன. படிப்பு, பணி அனுபவம் என்பவற்றுக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. அவளும் பி.எட். முடித்தவள். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவள். ஒரு பள்ளியில் ஏழாண்டுகளாகக் கணிதம் நடத்திக்கொண்டிருப்பவள்.

"போகலாமா சார்?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்று சொல்லத் தெரியாததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊருக்கு இடப்பெயர்ச்சி புதிதல்ல. வைகை அணைக்காக நிலத்தை இழந்த மக்களில் ஒரு பகுதியினர் ஒதுங்கிய ஊர் இது. கவிஞர் வைரமுத்துவின் குடும்பம் அப்படித்தான் இங்கு வந்தது. 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த அணையின் கதைதான். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பூண்டு வந்துபோகும் ஊர். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் பல ஊர்களிலிருந்து இறங்கும் மலைப்பூண்டும், மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் லாரியில் வரும் பூண்டும் இங்கே கமிஷன் கடைகளில் குவிந்து, தரம் பிரிந்து, வேறெங்கோ போகின்றன. ஊர் எல்லையில் இறங்கும்போதே அந்த நெடி முகத்தில் அடிக்கும். வருவதும் போவதும் எங்களுக்கு வியாபாரத்தின் பகுதி. ஆகவே எவரேனும் வெளிநாடு போகிறேன் என்றால் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எம்புட்டுத் தருவான்?"

தவறான கேள்வி என்று சொல்லமாட்டேன். தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்துக்கு வகுப்பெடுத்த எவரும் அதை இழிவாகப் பேச முடியாது. ஆனால் தம்பதியாகப் போகிறவர்கள் விஷயத்தில் அது பாதிக் கேள்வி. ஒருவருக்கு வரும் தொகையைத்தான் கேட்கிறோம். மற்றவர் விட்டுவிட்டுப் போவதன் கணக்கை எழுதுவதே இல்லை. இருவருக்கும் வேலை என்று எழுத்தில் இல்லாதவரை, ஆங்கிலம் கற்பிக்கத் தம்பதியாக வெளிநாடு போகக்கூடாது என்பது இன்று என் கருத்து. இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, நான் அதற்கு நேர்மாறாகச் செய்தவன் என்பதுதான்.

2006 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் எத்தியோப்பியாவுக்குப் போனோம். எனக்கு அங்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளர் வேலை. மனைவி 1998 ஜூன் முதல் எங்கள் பக்கத்து அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் தமிழாசிரியை. நீண்ட விடுப்பு கேட்டாள், கிடைக்கவில்லை. ராஜினாமா செய்தாள். 'செய்தாள்' என்று இப்போது எளிதாக எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதித் தந்தவன் நான். அவள் கையொப்பம் மட்டும் இட்டாள்.

அந்த ஒரு கையொப்பத்தின் பொருள் என்ன என்பதை அப்போது நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. தமிழ்நாட்டு ஓய்வூதிய விதிகளின்படி, ராஜினாமா செய்தவரின் முந்தைய பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். எட்டாண்டு எட்டாண்டாக இல்லாமல் பூஜ்யமாகிவிடும். அதைவிடப் பெரியது இன்னொன்று. 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். அவள் 1998இல் சேர்ந்ததால் பழைய திட்டத்தில் இருந்தாள். திரும்பிவந்து மறுபடி வேலை கிடைத்தாலும் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும். ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் எதற்காகத் தெருவில் இறங்கிப் போராடினவோ, அதை நாங்கள் ஒரு மாலைப்பொழுதில், காபி குடித்தபடி, கொடுத்துவிட்டோம்.

எத்தியோப்பியா ஏன் என்று அப்போது பலர் கேட்டார்கள். பஞ்சத்தின் படங்கள் மட்டுமே அவர்கள் மனத்தில் இருந்தன. உண்மையில் நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் அந்நாட்டுக்கும் உள்ள உறவு நீண்டது. பேரரசர் ஹெய்லி செலாசியின் காலத்தில், 1950களிலும் அதற்குப் பின்னும், ஏராளமான இந்திய ஆசிரியர்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கேரளத்துக் கிறித்தவர்கள். கேரளத்துக்கு வந்த பேரரசர், சாலையோரம் சீருடையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்து வியந்து, இவர்களின் ஆசிரியர்களே என் நாட்டுக்கு வேண்டும் என்று சொன்னதாக ஒரு கதை சொல்வார்கள். மருத்துவரும் எழுத்தாளருமான ஆபிரகாம் வர்கீஸ் 1955இல் அடிஸ் அபாபாவில் பிறந்தது அந்த அலையால்தான். 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' நாவலின் அடிஸ் அபாபா அவர் வளர்ந்த ஊர். அவருடைய பெற்றோர் இருவருமே ஆசிரியர்கள் என்பதை நான் பிற்பாடுதான் கவனித்தேன். தந்தை ஆசிரியர், தாய் உடன் வந்தவர் என்றில்லை. அந்தத் தலைமுறைத் தம்பதிகள் பலரில் இருவருக்கும் வகுப்பறை இருந்தது. இருவர் கையிலும் சாக்கட்டி இருந்தது. 1974 புரட்சிக்குப் பிறகு அவர்களில் பலர் வேறு நாடுகளுக்குச் சிதறினார்கள்.

நாங்கள் போனது இரண்டாவது அலையில். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டில் இரண்டே அரசுப் பல்கலைக்கழகங்கள். 2000க்குப் பிறகு அவை மளமளவெனப் பெருகின. இன்று நாற்பதுக்கும் மேல். கட்டடம் கட்டிவிடலாம், ஆசிரியருக்கு எங்கே போவது? தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் விரிவுரையாளர்களை வரவழைத்தார்கள். அடிஸ் அபாபா விமான நிலையத்தில் இறங்கிய முதல் நாளே திருநெல்வேலித் தமிழைக் கேட்டேன்.

எங்களுக்கு வாய்த்த ஊர் கோண்டர். பதினேழாம் நூற்றாண்டில் பேரரசர் ஃபாசிலிதஸ் தலைநகராக்கிய ஊர். நடு ஊரில் கோட்டை. கடல்மட்டத்திலிருந்து உயரம் ஏறத்தாழக் கொடைக்கானல் அளவு. வடுகபட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அந்த மலைமேல் குடியேறிவிட்டதுபோல் இருந்தது. அதே குளிர், அதே யூகலிப்டஸ் மரங்கள்.

அந்நாட்டின் நாள்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. பதின்மூன்று மாதங்கள் கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்த ஆகஸ்டில் அங்கே 1998ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்ட மனைவி, "நா வேலைக்குச் சேந்த வருசம்ங்க. எட்டு வருச சர்வீசையும் திருப்பிக் குடுத்துட்டான் பாருங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வெகுநாள் அது எங்கள் வீட்டு நகைச்சுவையாக இருந்தது. இன்று நினைக்கையில் அது நகைச்சுவைதானா என்று தெரியவில்லை.

நான் காலையில் போனால் மாலையில் திரும்புவேன். அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. விசாவே 'உடன் வருபவர்' விசா. முதல் இரண்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் வாசகர்கள் இரங்குவார்கள். அப்படி உட்காரக்கூடியவள் அல்ல அவள். பூண்டுக் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளையின் மகள். மூன்றாம் நாளே சந்தைக்குப் போய்விட்டாள். பூண்டைக் கையில் எடுத்துக் காட்டி, இதன் பெயர் என்ன என்று சைகையால் கேட்டிருக்கிறாள். கடைக்காரி 'நெச் ஷிங்குர்த்' என்றிருக்கிறாள். பக்கத்தில் கிடந்த வெங்காயத்துக்கு 'கெய் ஷிங்குர்த்'. கெய் என்றால் சிவப்பு, நெச் என்றால் வெள்ளை. வீட்டுக்கு வந்து, "நம்ம வெள்ளைப்பூண்டுதாங்க, அப்படியே மொழிபெயர்த்து வச்சிருக்காங்க" என்றாள். (பூண்டின் தரத்தைப் பற்றியும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்கினாள். அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சுவைக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

அன்றிலிருந்து அவளுக்கு அம்ஹாரிக் மொழி ஒரு பைத்தியமாகப் பிடித்தது. அண்டைவீட்டுப் பெண்கள் காபிக்கு அழைப்பார்கள். அங்கே காபி என்பது பச்சைக்கொட்டையை வறுப்பதில் தொடங்கி, அபோல், தோனா, பெரக்கா என்று மூன்று சுற்று முடிந்தால்தான் முடியும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்தக் காபிதான் அவளுடைய கல்லூரி. முதல் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியின் அருகில் உட்கார்ந்து அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொண்டாள். ஃபிதெல் என்று பெயர். ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம்: லெ, லு, லி, லா, லே, ல், லோ. ஆறாவது வடிவம் பல இடங்களில் உயிர் ஒலிக்காத மெய்யாக நிற்கும். தமிழாசிரியை அல்லவா, "இது உயிர்மெய் வரிசைங்க, ஆறாவதுல புள்ளி மட்டும் இல்ல" என்று கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வாரத்தில் கடைப் பலகைகளைப் படித்தாள். நான் நான்காண்டு முடிவிலும் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். எனக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. அயலூரில் ஆங்கில ஆசிரியனுக்கு வாய்க்கும் பெரிய ஊனம் அதுதான்: அவன் வேறு மொழி கற்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

அயலாரை அங்கே 'ஃபெரஞ்ச்' என்பார்கள். முதலில் வெள்ளையரைக் குறித்த சொல். நம் 'பறங்கி'யும் அதுவும் ஒரே வேரிலிருந்து, 'ஃபிராங்க்' என்பதிலிருந்து, அரபு, பாரசீக வழியாக இரு திசையில் பிரிந்து போனவை. தெருப்பிள்ளைகள் எங்களையும் அப்படியே கூப்பிட்டார்கள். வடுகபட்டியிலிருந்து போய்ப் பறங்கியானோம்.

இனி வகுப்பறை. எத்தியோப்பியாவில் 1994 கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடக்கக் கல்வி அவரவர் தாய்மொழியில். உயர்நிலைக்கு வந்ததும் பயிற்றுமொழி ஆங்கிலமாகிவிடும். பல்கலைக்கழகத்தில் எல்லாமே ஆங்கிலம். என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் மௌனம் எனக்கு மிகப் பழக்கமானது. பெரியகுளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்து, முதல் ஆங்கில வகுப்பில் நான் உட்கார்ந்திருந்த அதே மௌனம். தெரியாததால் வரும் மௌனமல்ல. தெரிந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நாக்கை மடித்துக்கொள்ளும் மௌனம்.

அவர்கள் எழுதும் வாக்கியங்களில் ஒரு தவறு விடாமல் வந்துகொண்டிருந்தது. பெயரைப் பின்தொடரும் எச்ச வாக்கியம், அதாவது 'நேற்று வந்த பையன்' என்பதை ஆங்கிலத்தில் 'பையன், எவன் நேற்று வந்தானோ அவன்' என்று புரட்டிச் சொல்லும் அமைப்பு, அவர்களுக்குக் கைவரவேயில்லை. கைவசமிருந்த இலக்கண நூல்களின் பயிற்சிகள் அனைத்தையும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் இரவு சலித்துப்போய் வீட்டில் இதைச் சொன்னேன். அவள் இஞ்செராவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். (டெஃப் என்ற தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து ஊற்றும் பெரிய ஆப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். மாவு புளிக்கும் கணக்கு நம் பெண்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.) நிமிராமலே சொன்னாள்: "அவங்க 'தினாந்த் யெமெத்தா லிஜ்'னு சொல்லுவாங்க. நேத்து, வந்த, பையன். நம்ம வரிசைதான். வினைகூட நம்மள மாதிரி கடைசியிலதான் வரும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்க."

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் மூன்று மொழியில் அந்த ஒரு தொடரை எழுதினேன். அம்ஹாரிக் வரியை அவள் தாளில் எழுதித் தந்திருந்தாள். தமிழும் அம்ஹாரிக்கும் ஒரே வரிசையில் நிற்க, ஆங்கிலம் மட்டும் தலைகீழாக நின்றது. வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது. தாங்கள் தப்பானவர்கள் அல்லர், ஆங்கிலம்தான் வேறு பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுகொண்டவர்களின் சிரிப்பு. அன்றுமுதல் பேசத் தொடங்கினார்கள். அவள் உதவியோடு இப்படி ஒரு கையேடே உருவானது. துறையில் பாராட்டினார்கள், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டபோது அதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள். கையேட்டின் முகப்பில் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும்.

இந்த இடத்தில் 'தாய்மொழியாளர்' என்ற அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவர்க்கு என்றே வரையறுத்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய உடன்பாடு அதில் ஒரு சிறு சாளரம் திறந்தது. அதுவும் 'துணை ஆசிரியர்' என்ற பெயரில். ஆங்கிலம் பிறப்பால் வருகிறவருக்கு அது எங்கே இடறும் என்று தெரியாது. அவர் ஒருபோதும் இடறியதில்லை. இடறி விழுந்து எழுந்தவனுக்குக் குழி எங்கே என்று தெரியும். நம் ஆசிரியர்களின் பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் என் விஷயத்தில் அந்தக் குழியைக் கண்டு சொன்னவர் சம்பளப் பட்டியலில் இல்லை. 'துணை ஆசிரியர்' என்ற பெயரை இளக்காரமாக நினைக்கும் நான், அந்தப் பெயரைக்கூட அவளுக்குத் தரவில்லை.

இந்த வழக்கம் நமக்கு வெளியே பிறந்ததுமல்ல, புதியதுமல்ல. எங்கள் பள்ளத்தாக்குக்கே ஆங்கிலம் கற்பிக்கத் தம்பதிகள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பெரியகுளத்திலும் ஒரு நிலையம் இருந்தது. மணமானவர்களையே பெரிதும் அனுப்பினார்கள். கணவர் 'மிஷனரி'. பெண்பிள்ளைகளைத் திரட்டிப் பள்ளி நடத்திய மனைவியோ அறிக்கைகளில் 'உதவி மிஷனரி'. பல இடங்களில் அவருக்கென்று ஒரு பெயர்கூட இல்லை. கணவர் பெயருக்கு முன்னால் 'திருமதி'. நம் ஊர்ப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் திருமதிகளின் சொந்தப் பெயர்களைத் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

2010இல் திரும்பினோம். கடன் தீர்ந்திருந்தது. வடுகபட்டியில் இந்த வீட்டைக் கட்டினோம். மகனின் படிப்புக்குப் பணம் இருந்தது. எனக்கு 'வெளிநாட்டு அனுபவம்' என்ற நான்கு ஆண்டு வரவு. அதைக் காட்டி முன்னிலும் நல்ல கல்லூரியில் சேர்ந்தேன். மனைவி பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். இடம் இல்லை. வேறு பள்ளிகளில் விசாரித்தாள். அதற்குள் 2011இல் அரசாணை வந்து 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டாண்டு தமிழ் நடத்தியவள் நாற்பதை நெருங்கும் வயதில் இளங்கலை முடித்த பெண்களோடு உட்கார்ந்து குழந்தை உளவியல் மனனம் செய்தாள். முதல் ஆண்டு தேறவில்லை. இறுதியில் ஒரு தனியார் பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன்.

"2006லருந்து நாலு வருசம் காலியா இருக்கே, என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வீட்ல இருந்தேன்னு சொன்னேன்."

வண்டி பெரியகுளம் தாண்டும்வரை நான் எதுவும் பேசவில்லை. ஒரு மொழியை எழுத்தோடும் இலக்கணத்தோடும் கற்றவள். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் விளக்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். நானூறு மாணவர்கள் படித்த கையேட்டின் பாதிக்குச் சொந்தக்காரி. 'வீட்ல இருந்தேன்' என்றுதான் சொல்ல முடிந்தது. வேறெதற்கும் தாள் இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். போகாதிருந்தால் இந்த வீடு ஏது என்று கேட்கலாம். நியாயம். போகாதிருந்தால் அவளுக்கு அம்ஹாரிக் ஏது, அந்தக் காபி ஏது, தோழிகள் ஏது என்றும் கேட்கலாம். அவளே அப்படிக் கேட்பாள். அந்த நான்காண்டுகளைத் தன் வாழ்வின் நல்ல ஆண்டுகளில் வைப்பவள் அவள். இன்றும் கோண்டரிலிருந்து ஒரு பெண் (ஃபிதெல் சொல்லித்தந்த அந்தச் சிறுமிதான்) அலைபேசியில் அழைக்கிறாள். 2023 ஆகஸ்டில் அம்ஹாரா பகுதியில் சண்டை மூண்டு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, இணையம் நின்றிருந்த நாட்களில் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. ஆக, போனது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அவள் வேலையை விட்டது ஒரு செலவு என்பதையே ஒப்புக்கொள்ளாமல் போனது பிழை.

மற்றொரு வாதம் உண்டு: கணவனைத் தனியே அனுப்பிவிட்டு மனைவி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாமே? வளைகுடாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வாழ்ந்தன. லிபியாவில் அப்படித் தனித்திருந்து கற்பித்தவர்களும் உண்டு. 2015 ஜூலையில் சிர்த் அருகே நான்கு இந்திய ஆசிரியர்கள் கடத்தப்பட்டு, இருவர் ஓரிரு நாளில் விடுபட, மற்ற இருவர் மீள ஓராண்டுக்கு மேல் ஆனது. வீட்டில் காத்திருந்தவர்களின் அந்த ஓராண்டை யோசித்துப் பார்க்கிறேன். பிரிந்திருப்பதற்கும் அதற்குரிய விலை உண்டு. அது இன்னொரு கட்டுரைக்கான பொருள்.

மாலத்தீவு எத்தியோப்பியா அல்ல என்பதும் உண்மை. 1960களிலிருந்தே ஆங்கிலவழிக் கல்வி அங்கே வேரூன்றியது. நம் ஆசிரியர்கள் அங்கு ஏராளம். திருவனந்தபுரத்திலிருந்து சிறிது நேரப் பயணம். ஆனால் தீவு மிகச் சிறியது. கால்மணி நேரத்தில் சுற்றிவந்துவிடக்கூடிய ஒரு தீவில் வேலையில்லாமல் இருப்பது, கோண்டர் போன்ற நகரத்தில் வேலையில்லாமல் இருப்பதைவிடக் கடினம் என்றே ஊகிக்கிறேன். கணித ஆசிரியர்களும் அங்கே தேவைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேளாமல் போவதற்கு என்ன பெயர்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் ஆணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து காபியோடு வந்த மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்:

"ஏத்தா, ஒனக்கு ஆர்டர் எங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர், "அங்க போயிப் பாத்துக்கலாம்னு ஏஜெண்ட் சொல்றாங்க டீச்சர்" என்றார்.

"போறதுக்கு முன்னாடி பாக்கச் சொல்லுங்க தம்பி. ரெண்டு பேரு பேரும் ஒரே தாள்ல வேணாம். ரெண்டு தாள்ல வரட்டும்."

இதை இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அவள் சொன்னதில்லை. சொல்லும்படியான கேள்வியை நான் கேட்டதுமில்லை.

அவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். புறப்படும்போது அந்தப் பெண்ணின் கையில் அரைக்கிலோ மலைப்பூண்டு கட்டிக்கொடுத்தாள். சென்ற வாரம் கணவர் அலைபேசியில் அழைத்தார். மனைவியின் சான்றிதழ்களை அனுப்பி, கணித ஆசிரியர் இடம் கேட்டு எழுதியிருக்கிறாராம். பள்ளி வேலையை அவள் இன்னும் விடவில்லை. பயணத்துக்கு முப்பது நாள் தவணை கேட்டிருக்கிறார்கள். பதில் இதுவரை வரவில்லை. 'வந்திருச்சா' என்று தினமும் சாயங்காலம் மனைவி என்னிடம் கேட்கிறாள்.